மீன் சேராத தாஷிக்கு எந்தக் கொம்பு? ஜப்பானியக் கடற்பாசி வகைகள் – ஓர் ஒப்பீடு

டோக்கியோவின் நிஷிகசாய் பகுதிக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பங்களில் சைவ உணவுக்காரர்கள், வந்த சில வாரங்களிலேயே ஒன்றைத் தெரிந்துகொள்கிறார்கள். காய்கறி மட்டும் மிதக்கும் சூப்பிலும், வெறும் டோஃபு வைத்த கிண்ணத்திலும், சோபா நூடுல்ஸைத் தொட்டுச் சாப்பிடும் கருநிறச் சாற்றிலும் பெரும்பாலும் மீன் இருக்கிறது. ஜப்பானியச் சமையலின் அடித்தளமான தாஷி என்ற சாறு, பொதுவாகக் கொம்பு என்னும் கடற்பாசியையும் கட்சுவோபுஷி என்னும் சூரை மீன் சீவலையும் சேர்த்து எடுக்கப்படுவது. சூரையை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் இறுகும்வரை உலர்த்திச் சீவுவதுதான் கட்சுவோபுஷி. இலங்கையிலும் நம் தென்கடற்கரையிலும் புழங்கும் மாசிக் கருவாட்டுக்கு அது நெருங்கிய உறவு. இந்த மீனை விலக்க வேண்டுமென்றால் தாஷியை வீட்டிலேயே எடுக்க வேண்டும். அப்போது சுவையின் முழுப் பொறுப்பும் கொம்பின் மேல் விழுகிறது.

"அக்கா, கடையில நாலஞ்சு வகை கொம்பு இருக்கு. ஒண்ணோட விலைக்கும் இன்னொண்ணோட விலைக்கும் சம்பந்தமே இல்ல. எதை எடுக்கிறது?" என்று, கீழ்த் தளத்துக்குப் புதிதாகக் குடிவந்த பெண் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரியை நம்பி நானே சில ஆண்டுகள் தவறான பாக்கெட்டை வாங்கிக்கொண்டிருந்தேன் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. தமிழில் எழுதினால் மாட்டின் கொம்பும் இதுவும் ஒன்றுபோல் தெரியும்; இரண்டுக்கும் தொடர்பில்லை. நம் ஊரில் கடற்பாசி என்ற பெயரில் வாங்கி, பால் சேர்த்து ஜெல்லியாக உறையவைக்கும் பொருளும் இதுவன்று. மிசோ என்னும் நொதித்த சோயா விழுதில் செய்யும் சூப்பில் மிதக்கும் பச்சை இலை வகாமே. சோற்றைச் சுற்றும் கருந்தாள் நோரி. கொம்பு என்பது குளிர்ந்த கடலின் பாறைகளைப் பற்றி வளரும், பல மீட்டர் நீளமுள்ள தடித்த பழுப்புநிறப் பாசி. ஜப்பானின் கொம்பு விளைச்சலில் மிகப் பெரும்பகுதி வடக்கே உள்ள ஹொக்கைடோ தீவைச் சுற்றிய கடலிலிருந்து வருகிறது. இயற்கையாக வளரும் பாசி தன் இரண்டாம் ஆண்டில்தான் தடித்துச் சுவையேறும். கோடை மாதங்களில் சிறு படகில் போகும் மீனவர், கண்ணாடி அடிப்பாகம் கொண்ட பெட்டி வழியே கடலடியைப் பார்த்து, நுனி பிளந்த நீண்ட கழியைப் பாசிக் கொத்துக்குள் விட்டு முறுக்கி இழுத்து எடுக்கிறார்; நல்ல வெயில் அடித்தால் அன்றைக்கே கூழாங்கல் பரப்பில் ஒவ்வொன்றாக நீட்டிப் போட்டு உலர்த்துகிறார்கள். எந்தக் கரையில் விளைந்தது, எந்த இனம், எப்படி உலர்த்தப்பட்டது என்ற மூன்றும் சேர்ந்துதான் பாக்கெட்டின் மேல் எழுதியிருக்கும் பெயரையும் விலையையும் முடிவுசெய்கின்றன.

சுவைக்குக் காரணம் எது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் என் முடிவு அதில்தான் நிற்கிறது. டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த இகேடா கிகுனாயே, கொம்புச் சாற்றின் சுவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்ற நான்கிலும் அடங்காததைக் கவனித்து, 1908இல் அதற்குக் காரணமான குளூட்டமிக் அமிலத்தைக் கொம்பிலிருந்தே பிரித்தெடுத்தார். சுமார் 12 கிலோ உலர்கொம்பிலிருந்து அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 30 கிராம். அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டவரும் அவரே. மறு ஆண்டு சந்தைக்கு வந்த அஜினோமோட்டோவுக்கு அடிப்படையும் அந்தக் கண்டுபிடிப்புதான். 1913இல் அவருடைய மாணவர் கொடாமா ஷின்டாரோ, கட்சுவோபுஷியின் உமாமிக்குக் காரணமான இனோசினேட்டைக் கண்டறிந்தார். பிற்பாடு 1957இல் குனினாகா அகிரா, உலர்ந்த ஷிடாகே காளானில் உள்ள குவானிலேட்டை அடையாளம் கண்டதோடு, குளூட்டமேட்டுடன் (குளூட்டமிக் அமிலத்தின் உப்பு வடிவம்) இனோசினேட்டோ குவானிலேட்டோ சேரும்போது சுவை கூட்டல் கணக்கில் ஏறாமல் பல மடங்கு பெருகுவதையும் காட்டினார்.

கடைகளிலும் சமையல் குறிப்புகளிலும் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை, கொம்புச் சாற்றில் மீன் சீவல் சேரும் என்று வைத்துக்கொண்டு சொல்லப்படுபவை. மீன் அந்த மடங்குப் பெருக்கத்தைக் கொடுத்துவிடுவதால், கொம்பு எவ்வளவு அடக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற பார்வை அங்கே பொருந்துகிறது. மீன் சேராத வீட்டில் அந்த அடக்கம் வெறுமையாகவே நாக்குக்குப் படும். ஆகவே உயர்ந்த உணவகங்களின் தரவரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், கொம்பு தனியாகவோ காளானோடு மட்டுமோ நிற்கும்போது எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்ப்பதற்காக நான்கு கண்ணாடிச் சாடிகளை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர், பத்து கிராம் கொம்பு: மகொம்பு, ரிஷிரி, ரௌசு, ஹிடாகா. இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, காலையில் கொம்பை எடுத்துவிட்டு வரிசையாக ஜன்னல் திட்டில் நிறுத்தினேன். ரிஷிரிச் சாடியில் தண்ணீர் ஏறக்குறைய தண்ணீராகவே தெரிந்தது. மகொம்பில் வெளிறிய வைக்கோல் நிறம். ஹிடாகாவில் மெல்லிய பச்சை கலந்திருந்தது. ரௌசுச் சாடி மட்டும் லேசாகக் கலங்கி, ஆறிய வெந்தயத் தண்ணீர்போல மஞ்சளாக நின்றது. மூடியைத் திறந்ததும் கடல் வாசனையைத் தந்ததும் அந்த ஒன்றுதான். நான்கையும் சூடாக்கி, ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுச் சுவைத்தோம். உப்பில்லாமல் தாஷியைச் சுவைத்து இதில் ஒன்றுமே இல்லையே என்று முகம் சுளிப்பவர்கள் பலர். சிட்டிகை உப்பு விழுந்த பிறகுதான் உமாமி நாக்கில் பரவுகிறது.

மகொம்பிலிருந்து தொடங்குகிறேன். தெற்கு ஹொக்கைடோவில் ஹாகொடாதே நகரை ஒட்டிய கரைகளில் விளைவது இது. இலை அகலமானது, தடித்தது, அடிப்புறம் விசிறிபோல் விரிந்தது. ஹாகொடாதேயோடு இணைந்துவிட்ட மினாமிகயாபே கரையில் விளையும் வகையை வெட்டினால் வெட்டுவாய் வெண்மையாகத் தெரியும். அதனால் வெள்ளை வாய் என்ற பொருளில் அதற்கு ஷிரோகுச்சி என்று பெயர். முன்காலத்தில் அரண்மனைக்கும் ஷோகுன் என்னும் படைத்தலைமை ஆட்சியாளருக்கும் காணிக்கையாகப் போனது. கிடாமாயே என்னும் வணிகக் கப்பல்கள் ஜப்பான் கடலோரமாக இறங்கி, ஜப்பானின் பெருந்தீவான ஹொன்ஷுவின் மேற்கு முனையைச் சுற்றி ஓசாகா வரை சரக்கு கொண்டுபோகும் மேற்குவழி 1672இல் ஒழுங்குபட்ட பிறகு, இந்தக் கொம்பு ஓசாகாவில் குவிந்தது. இன்றைக்கும் ஓசாகாவின் நாக்கு மகொம்பைத்தான் கேட்கிறது. அந்நகரத்து உடோன் நூடுல்ஸின் வெளிறிய, இனிப்பு தொட்ட சாற்றை ஒருமுறை சுவைத்தவர்களுக்குச் சோயா சாஸ் தூக்கலான டோக்கியோச் சாறு வேறோர் உணவாகத் தோன்றும். ஓசாகாவை அடுத்த சகாய் கத்திகளுக்குப் பேர்போன ஊர். வினிகரில் நனைத்த கொம்பின் மேல்பரப்பைக் கையால் மென்பட்டுபோல் சீவி எடுக்கும் ஓபொரோ கொம்புத் தொழில் அங்கே வேரூன்றியதற்குக் கத்தியும் கொம்பும் ஒரே வட்டாரத்தில் கிடைத்ததே காரணம்.

என் கோப்பையில் மகொம்பு தந்தது வட்டமான, இனிப்பு தொட்ட சுவை. விழுங்கிய பிறகும் அது சிறிது நேரம் வாயில் தங்கியது. நூறு கிராம் உலர்கொம்பில் உள்ள குளூட்டமேட் மகொம்பில் ஏறத்தாழ 1,600 மில்லிகிராமிலிருந்து 3,200 வரை இருக்கும் என்று அளவிட்டிருக்கிறார்கள். இந்த அகலமான இடைவெளி வாங்குபவருக்கு முக்கியமானது: மகொம்பு என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் இரண்டு மடங்கு வேறுபாடு வரலாம், கரையும் வளர்ப்பு முறையும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. அதைப் பின்னால் பார்ப்போம்.

ரிஷிரி என்பது ஹொக்கைடோவின் வடமுனையில் வக்கனாய் கரையிலும் ரிஷிரி, ரெபுன் தீவுகளிலும் விளைவது. கியோட்டோவின் சமையல்காரர்கள் இதைத் தவிர வேறொன்றைத் தொட மாட்டார்கள் என்று சொல்லுமளவுக்கு அந்நகரத்தோடு பிணைந்துவிட்டது. காரணம் எளிது. இந்தச் சாறு நிறமற்றது, கலங்காதது, லேசாக உப்புக் கரிப்பது. காய்கறியின் நிறத்தையும் டோஃபுவின் வெண்மையையும் அது கெடுப்பதில்லை. கியோட்டோவில் வட்டச் சீவலாக அரிந்த பெரிய டர்னிப் கிழங்கை ஊறவைத்துச் செய்யும் செம்மாய்சுகே ஊறுகாயிலும் ரிஷிரியை வைப்பதற்கு இந்தத் தெளிவும், ஊறிய பிறகும் குழையாத அதன் உறுதியும்தான் காரணம். சில வணிகர்கள் இதைச் சேமிப்பறையில் ஓராண்டுக்கும் மேலாகவும், சிலர் பல ஆண்டுகளும் வைத்து, கடல் வாசனை அடங்கியபின் விற்கிறார்கள்.

இத்தனை பெருமையும் உண்மை. ஆயினும் நான் தவறு செய்தது இங்கேதான். மேலான உணவகங்கள் பயன்படுத்துவது என்பதற்காக ரிஷிரியை வாங்கி, மீன் இல்லாமல் சாம்பல்பூசணி சூப் வைத்து, கிண்ணத்தில் வெந்நீர் குடித்ததுபோன்ற ஏமாற்றத்தை அடைந்தேன். கொம்பைக் குறைவாகப் போட்டுவிட்டேனோ என்று அடுத்த முறை இருமடங்கு போட்டேன். உப்புக் கரித்ததே தவிர, நான் எதிர்பார்த்த அடர்த்தி வரவில்லை. ரிஷிரியின் குளூட்டமேட் நூறு கிராமுக்குச் சுமார் 1,500 முதல் 2,000 மில்லிகிராம். மகொம்பின் மேல் எல்லையை அது எட்டுவதில்லை. கட்சுவோபுஷி பக்கத்தில் நிற்கும்போது அது குறையாகத் தெரியாது. அடுப்பில் வெந்நீரில் ஒரு துண்டு கொம்பை விரித்து, மேலே டோஃபுவை வைத்துச் சூடாக்கிச் சாப்பிடும் யுடோஃபுவுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கொம்பும் டோஃபுவும் மட்டும் உள்ள அந்தக் கிண்ணத்தில், டோஃபுவின் பால்மணம் மறையாமல் இருப்பது ரிஷிரியால்தான்.

ரௌசு முற்றிலும் வேறு குணம். ஹொக்கைடோவின் வடகிழக்கில் ஷிரெடோகோ தீபகற்பத்தின் கிழக்குக் கரையில், குளிர்காலத்தில் மிதக்கும் பனிப்பாளங்கள் வந்து அடையும் கடலில் விளைகிறது. இலை அகலமும் மென்மையும் உடையது. மற்ற வகைகளை உலர்த்தி, நறுக்கி, கட்டி முடித்துவிடுவார்கள். ரௌசுவை அப்படி விடுவதில்லை. ஒருமுறை உலர்த்தியதை இரவுப் பனியில் ஈரமாக்கி, சுருட்டி, மறுபடி விரித்து நீவி, அடுக்கிப் பாரம் ஏற்றிப் பதப்படுத்தி, வெயில் காட்டி, ஓரங்களைக் கத்தரித்து எடுக்கும் இருபதுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. கடலிலிருந்து எடுத்த பிறகும் வாரக்கணக்கில் மனிதக் கை அதன்மேல் வேலை செய்கிறது. விலை ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

அந்த வேலையின் பலன் கோப்பையில் தெரிகிறது. குளூட்டமேட் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 2,300 முதல் 3,400 மில்லிகிராம். நான்கில் இதுவே உச்சம். சாறு கனமானது, மணமுள்ளது, மிசோவையும் சோயா சாஸையும் எதிர்த்து நிற்கக்கூடியது. ஜப்பான் கடலோரத்துத் தொயாமா மாநிலத்தினர் இதன்மேல் வைத்திருக்கும் பற்று பெயர்பெற்றது. ரௌசுவுக்குக் குடியேறிய மீனவர்களில் பலர் தொயாமாவிலிருந்து போனவர்கள்; சொந்த ஊருக்கு அனுப்பிய சரக்கு ஊரின் சுவையாகிவிட்டது. சோற்றுருண்டையை நோரிக்குப் பதில் சீவிய கொம்பால் போர்த்துவதும், பச்சை மீன் துண்டுகளைக் கொம்பு இலைகளுக்கிடையே வைத்து நீரை இழுக்கவிடுவதும் தொயாமாவில் அன்றாட வழக்கம்.

சைவ வீட்டுக்கு ரௌசு இயல்பான தேர்வுபோலத் தோன்றும். மிசோ சூப்புக்கும், குளிர்கால நூடுல்ஸுக்கும், காளானும் முட்டைக்கோஸும் கொதிக்கும் பானைக்கும் அது உண்மைதான். ஆனால் தெளிந்த சூப்பில் நிறம் இறங்கிவிடுகிறது. வெண்டைக்காய், கத்திரிக்காய், டோஃபு போன்ற மெல்லிய சுவையுள்ளவற்றை அது மூடிவிடுகிறது. கொஞ்சம் கூடுதலாகச் சூடேறினாலும் கடல் வாசனை தூக்கிவிடும். தினமும் ஒரே கொம்பு என்று வைத்துக்கொள்ள எனக்கு ரௌசு சற்று அதிகம். ஆனால் ரௌசு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வழி சொல்வேன்: பதப்படுத்தும்போது கத்தரித்து எடுக்கப்படும் ஓரங்கள் காது என்ற பொருளில் மிமி என்னும் பெயரில் தனியாக விற்கப்படுகின்றன. பார்க்க அழகில்லாத குச்சிகள்; சுவை அந்த ரௌசுவின் சுவையே; விலை முழு இலையைவிட வெகு குறைவு.

ஹிடாகா, பசிபிக் பக்கத்தில் எரிமோ முனைவரை நீளும் கரையில் விளைவது. மிட்சுயிஷி என்ற பெயரிலும் கிடைக்கும். சூப்பர்மார்க்கெட்டில் மிக எளிதாகவும் மலிவாகவும் கைக்கு வருவது இதுதான். குளூட்டமேட் நூறு கிராமுக்கு 1,300 மில்லிகிராமை ஒட்டியே இருக்கும், ஆகவே சாறு மெலிந்தது. ஆனால் இலை சீக்கிரம் வேகும், வெந்தபின் பட்டுபோல் மென்மையாகும். ஓடென் என்னும் குளிர்காலக் கதம்பத்தில் முடிச்சுப் போட்டு மிதப்பதும், புத்தாண்டு விருந்தில் சுருட்டி வேகவைத்து வைப்பதும் பெரும்பாலும் இதுதான். மகிழ்தல் என்ற பொருளுள்ள யொரொகொபு என்ற சொல்லில் கொபு ஒலிப்பதால் புத்தாண்டுக்கு அது மங்கலப் பொருள். தின்பதற்குக் கொம்பு வேண்டுமென்றால் ஹிடாகாவை வாங்குங்கள். சாற்றுக்கு மகொம்பு வாங்கப் பணம் இருக்கிறதென்பதற்காக அதை வேகவைத்துத் தின்ன எடுப்பது வீண், ஏனெனில் மகொம்பின் தடித்த இலை வெகுநேரம் வேக வேண்டும்.

எரிமோ முனையைப் பற்றி ஒரு செய்தி. விறகுக்காகவும் மேய்ச்சலுக்காகவும் காடு அழிக்கப்பட்டு, அந்த முனை பாலைபோல் ஆகி, காற்றில் பறந்த செம்மண் கடலில் விழுந்து கொம்பை அழித்த காலம் இருந்தது. 1953இல் மரம் நடும் வேலை தொடங்கியது. தூவிய புல்விதை பலத்த காற்றில் நிற்காமல் பறந்தபோது, கரை ஒதுங்கும் கழிவுப் பாசியை அதன்மேல் போர்த்திப் பிடித்து நிறுத்தினார்கள் அந்த ஊர் மீனவர்கள். புல் பிடித்தது, பிறகு கரும்பைன் பிடித்தது, கடல் தெளிந்தது, கொம்பு திரும்பி வந்தது. மலிவான பாக்கெட் என்று கையில் எடுக்கும் ஹிடாகாவுக்குப் பின்னால் இப்படிப் பல பத்தாண்டு உழைப்பு இருக்கிறது.

நாகாகொம்பு, குஷிரோ, நெமுரோ கரைகளில் பத்து மீட்டரையும் தாண்டி வளரும் நீண்ட வகை. சாற்றுக்கு ஏற்றதில்லை, காய்கறிபோல் பொரியலாகச் சமைப்பதற்கு நல்லது. கொம்பு விளையாத தெற்குத் தீவான ஒகினாவாவில், பழைய வணிகத்தின் வழியே வந்து வேரூன்றிய கொம்புப் பொரியல் இன்றும் வீட்டுச் சமையல்.

பொடியைப் பற்றியும் கேட்பார்கள். கொம்புத் தாஷிப் பொடி என்று விற்பவை விரைவானவை, ஒரே சீரானவை; ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் உப்பும் சர்க்கரையும் சேர்க்கப்பட்ட குளூட்டமேட்டும்தான் முன்னால் நிற்கின்றன, கொம்பு பின்னால். உறையில் கொம்புப் படம் இருந்தாலும் பொருட்பட்டியலில் கட்சுவோ அல்லது நிபோஷி என்று மீனின் பெயர் ஒளிந்திருக்கக்கூடும் என்பதால், சைவ உணவுக்காரர்கள் முழுப் பட்டியலையும் படித்துவிட்டே வாங்க வேண்டும். வேலைநாள் காலையில் அவசர மிசோ சூப்புக்கு நானும் ஒரு பாக்கெட் வைத்திருக்கிறேன்; அதில் குற்றமொன்றும் இல்லை. தெளிந்த சூப்புக்கு மட்டும் அது உதவாது.

இனி உறையின் மேல் எழுதியிருப்பது. தென்னென் என்றால் இயற்கையாக விளைந்தது. யோஷொகு என்றால் கடலில் கயிற்றில் வளர்த்தது. சொகுசெய் என்றால் இரண்டு ஆண்டுக் காலத்தைச் சுருக்கி ஓராண்டுக்குள் அறுவடை செய்தது. இரண்டு ஆண்டு வளர்த்த மகொம்பு இயற்கையானதற்கு நெருங்கி நிற்கிறது. சொகுசெய் வகையின் இலை பார்க்க அழகாக இருந்தாலும் சுவை மெலிந்தது. முன்பெல்லாம் தென்னென் என்று பார்த்து வாங்குங்கள் என்று சொல்லிவிடலாம். இப்போது அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. கடல் வெப்பமடைவதாலும் மீனவர்கள் முதுமையடைந்து தொழிலை விடுவதாலும் ஹொக்கைடோவின் கொம்பு விளைச்சல் கடந்த முப்பது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஹாகொடாதேயை ஒட்டிய கரைகளில் இயற்கை மகொம்பு 2010களின் நடுவிலிருந்து கடுமையாகச் சரிந்து, சில ஆண்டுகளில் கைக்குக் கிடைப்பதே அரிதானது. கயிற்றில் வளர்ப்பவர்கள் இருப்பதால்தான் அந்தச் சுவை இன்னும் நம் அடுப்புக்கு வருகிறது. முதல் தரம், இரண்டாம் தரம் என்ற வரிசையோ பெரிதும் இலையின் அகலம், தடிப்பு, நிறம், வடு ஆகியவற்றைப் பார்த்து வைப்பது. பரிசளிக்க வேண்டுமென்றால் முதல் தரம், பானைக்குள் போடுவதற்கு மூன்றாம் தரமோ நறுக்குத் துண்டுகளோ போதும்.

கொம்பின் மேல் வெண்பொடி படிந்திருந்தால் அதைப் பூஞ்சை என்று எண்ணிக் கழுவிவிடாதீர்கள். அது மானிட்டால் என்னும் இனிப்புப் பொருள். உலர்ந்த துணியால் தூசியை மட்டும் துடைத்தால் போதும். பஞ்சுபோல் எழும்பியதும் பச்சையாகப் புள்ளி விழுந்ததும்தான் பூஞ்சை. கொதிக்கவிடுவது எல்லா வகைக்கும் பகை: ஆல்ஜினிக் அமிலம் இறங்கிச் சாறு வழுவழுப்பாகும், கடல் வாசனை முற்றிவிடும். இரவு முழுவதும் குளிர்நீரில் ஊறவைப்பது எளிய வழி. கியோட்டோச் சமையல்காரர்கள் அறுபது டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து எடுப்பதைப் பரவலாக்கினார்கள். வெப்பமானி உள்ளவர்கள் அதைச் செய்து பார்க்கலாம். ஊர் திரும்பும்போது கொம்பை எடுத்துச் செல்கிறவர்களுக்கு ஒரு சொல்: ஜப்பானின் குழாய்நீர் மென்னீர். சென்னையின் போர்வெல் நீர்போன்ற கடினநீரில் உள்ள கால்சியம் கொம்பின் ஆல்ஜினிக் அமிலத்தோடு பிணைந்து, நுரை கட்டி, சுவை இறங்குவதைத் தடுக்கும். ஆர்ஓ சுத்திகரித்த நீரையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ரௌசுவும் ஹிடாகாவும் ஒன்றுபோல்தான் இருக்கும்.

மீன் கொடுத்திருக்க வேண்டிய மடங்குப் பெருக்கத்தை ஷிடாகேயிடமிருந்து பெறலாம். ஜென் மடங்களின் சைவச் சமையலில் இந்த இரண்டும் கைகோத்து நெடுங்காலம் ஆகிறது. ஒரு லிட்டருக்கு இரண்டு உலர்ந்த காளான்களைத் தனிப் பாத்திரத்தில் குளிர்நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொம்புச் சாற்றில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சூடாக்குங்கள். சேர்ந்தே ஊறவைத்தால் காளான் முந்திக்கொள்ளும். இந்தச் சேர்க்கையில் ரிஷிரி அடங்கிப்போய் முழுக்கக் காளான் சாறாகிவிட்டது. ரௌசுவும் காளானும் ஒன்றோடொன்று போட்டியிட்டன. மகொம்பின் இனிப்பு மட்டும் காளானின் மணத்தைத் தாங்கி, தானும் அடியில் நின்றது. என் தேர்வைத் தீர்மானித்த கோப்பை அதுதான்.

வாங்குமுன் வீட்டில் உள்ளவர்களின் உடல்நிலையையும் பார்க்க வேண்டும். கொம்பில் அயோடின் மிக அதிகம். உலர்ந்த மகொம்பு ஒரு கிராமிலேயே சுமார் 2 மில்லிகிராம் உண்டு. பெரியவர்களுக்கு நாளொன்றின் மேல் எல்லையாக ஜப்பான் வைத்திருப்பது 3 மில்லிகிராம். அயோடின் தண்ணீரில் எளிதில் இறங்குவது, ஆகவே கொம்பை எடுத்துவிட்டோம் என்று ஆறுதல் அடைய முடியாது. லிட்டருக்குப் பத்து கிராம் என்ற அடர்த்தியான சாற்றைத் தினமும் கிண்ணம் கிண்ணமாகக் குடிப்பது யாருக்கும் ஏற்றதில்லை. தைராய்டு கோளாறு உள்ளவர்களும், கருவுற்றிருப்பவர்களும், பாலூட்டுபவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் என்று வைத்திருக்கிறோம். மற்ற நாட்களில் காளான் சாறும் வெங்காயம், கேரட் வேகவைத்த நீரும்.

கீழ்த் தளத்துப் பெண்ணுக்கு நான் சொன்னது இது. சைவ வீட்டில் ஒரே ஒரு பாக்கெட் என்றால், இரண்டு ஆண்டு வளர்த்த மகொம்பின் நறுக்குத் துண்டுகள். அதோடு ஒரு பாக்கெட் உலர் ஷிடாகே. இரண்டு பாக்கெட் வாங்க முடிந்தால், வேகவைத்துத் தின்பதற்கு ஹிடாகா. குளிர்காலத்தில் மிசோவும் நூடுல்ஸும் அடிக்கடி வைப்பவர்கள் ரௌசு ஓரங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ரிஷிரியை, யுடோஃபு ஒன்றுக்காகவே வாங்கத் துணிபவர்களும், வீட்டில் மீன் சீவல் சேர்ப்பவர்களும் வாங்கட்டும். மீன் சேர்ப்பவர்களுக்கு அதுவே என் முதல் பரிந்துரையும் ஆகும்.

அவர் மகொம்புத் துண்டுகளை வாங்கினார். சாறு எடுத்தபின் மிஞ்சும் கொம்பை என்ன செய்வது என்று அடுத்த வாரம் கேட்டார். அதை உறைபெட்டியில் சேர்த்துவைத்து, ஒரு கை நிறைய ஆனதும் மெல்லிய கீற்றுகளாக அரிந்து, மூழ்கும் அளவு தண்ணீரும் ஒரு தேக்கரண்டி வினிகரும் விட்டு, நகத்தால் அழுத்தினால் பதியும்வரை வேகவிட வேண்டும். பிறகு சோயா சாஸும் கொஞ்சம் சர்க்கரையும் ஒரு காய்ந்த மிளகாயும் சேர்த்து, நீர் வற்றிப் பளபளப்பு ஏறும்போது வறுத்த எள்ளைத் தூவி இறக்கலாம். ஜப்பானியர்கள் இதைச் சூடான வெறும் சோற்றில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டில் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறோம்.